கரித்தூள் துரத்திய கல்லூரி

கொழும்புத் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே முகத்துவாரத்துக்குப் போனால், கடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்தைப் பார்க்கலாம். கிறிஸ்து பேராலயம். நூறு வருஷத்துக்கு மேல் கொழும்பு ஆங்கிலிக்கன் பேராயரின் தலைமைக் கோயிலாக இருந்தது அதுதான். ஒரு தலைநகரத்தின் பேராலயம் ஊரின் நடுவில், கவர்னர் மாளிகையை ஒட்டி அல்லவா இருந்திருக்க வேண்டும்? மீன்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியிருக்கும் இந்த மூலையில் அதற்கு என்ன வேலை?

அது தனிக்கோயிலாகக் கட்டப்பட்டதல்ல, ஒரு பள்ளிக்கூடத்தின் பாதி. மற்றப் பாதி 1918இல் மூட்டைமுடிச்சோடு கிளம்பி, ஊரின் மறுகோடியான கல்கிசைக் கடற்கரைக்குக் குடிபோய்விட்டது. கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அது மட்டும் நின்றுவிட்டது.

குடிபோன பாதிக்குப் பரி. தோமா கல்லூரி என்று பெயர். இலங்கையின் நான்கு பிரதமர்கள் படித்த பள்ளிக்கூடம். தந்தை செல்வா படித்ததோடு நில்லாமல் ஆசிரியராகவும் இருந்த பள்ளிக்கூடம். அங்கே படித்தவர்களுக்குத் 'தோமியன்' என்று பெயர். ஒரு தோமியனிடம் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் 'எங்கள் பாரம்பரியம்' என்ற சொல் மூன்று தடவையாவது வந்து விழும். அந்தப் பாரம்பரியத்தைத் தையல் பிரித்துப் பார்த்தால், பாதி ஒரு மனிதரின் ஊர் ஞாபகம். மீதி, வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு.

அந்த மனிதர் ஜேம்ஸ் சாப்மன். 1845 வரைக்கும் இலங்கைக்கென்று தனி ஆங்கிலிக்கன் பேராயர் கிடையாது. திருச்சபைக் கணக்கில் தீவு முழுவதும் சென்னைப் பேராயரின் கீழ்தான் கிடந்தது. அந்த வருஷம் கொழும்பைத் தனி மறைமாவட்டமாகப் பிரித்து, முதல் பேராயராகச் சாப்மனை அனுப்பினார்கள். அவர் படித்தது ஈட்டன் பள்ளியில். பிறகு போனது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு. அந்தக் காலத்தில் ஈட்டனில் படித்தவர்களைத் தவிர வேறு யாரையும் அந்தக் கல்லூரி உள்ளே விடாது. படிப்பு முடிந்ததும் ஆசிரியராகத் திரும்பி வந்ததும் ஈட்டனுக்குத்தான். நடுவில் கொஞ்ச காலம் எசெக்ஸ் கிராமத்தில் பாதிரியாராக இருந்ததைக் கழித்துவிட்டால், மனிதருக்குத் தெரிந்த உலகம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். இப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து தென்னந்தோப்பு நடுவில் இறக்கிவிட்டால் என்ன செய்வார்? ஈட்டனைக் கட்டுவார்.

ஈட்டன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிரபு வீட்டுப் பிள்ளைகளும் வால் வைத்த கோட்டும். ஆனால் 1440இல் ஆறாம் ஹென்றி ராஜா அதை நிறுவியது 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகப் படிப்புச் சொல்லிக்கொடுக்க. கூடவே ஒரு பெரிய தேவாலயம். பையன்கள் படிக்க வேண்டும், ராஜாவின் ஆத்துமாவுக்காக ஜெபமும் செய்ய வேண்டும். கோயிலும் பள்ளியும் ஒரே வளவுக்குள் என்ற அந்தத் திட்டத்தைத்தான் சாப்மன் கடல் தாண்டிக் கொண்டுவந்தார். முகத்துவாரத்தில் கடலோர நிலம் வாங்கினார். இங்கிலாந்தின் மிஷன் சங்கங்களிடம் கேட்டார், பழைய நண்பர்களுக்கு எழுதினார், சொந்தப் பணத்தையும் போட்டார். 1851 பெப்ரவரி 3ஆம் தேதி கல்லூரி திறந்தது. பேராலயம் 1854இல் அர்ப்பணம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பேராயருக்குப் பேராலயம், மற்ற நாளில் பையன்களுக்கு ஜெபக்கூடம்.

உள்ளூர்க் குருமார்களை உருவாக்குவதுதான் அவருடைய முதல் ஆசை. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் பறங்கியர் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து, இறையியல் படித்து, அவரவர் சனத்துக்குப் பாதிரிமாராகப் போக வேண்டும். கூடவே பள்ளிக்கூடமும் நடக்கட்டும் என்பது அடுத்தது. பெற்றோருக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது. இங்கிலீஷ் படித்த பையனுக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது, சட்டத்தரணி கோட்டு இருந்தது. ஆகவே பாதிரிமாரைவிட அதிகமாக வழக்கறிஞர்களும் மந்திரிகளும்தான் அங்கிருந்து வந்தார்கள்.

பெயரிலிருந்தே கூத்துத் தொடங்குகிறது. இங்கிலீஷில் உலகத்து மற்ற செயின்ட் தாமஸ் பள்ளிகள் பெரும்பாலும் 'எஸ்', 'டி' என்று இரண்டெழுத்துப் போட்டுத்தான் 'செயின்ட்' எழுதும். இவர்கள் எஸ் மட்டும் போட்டு ஒரு புள்ளி வைப்பார்கள். லத்தீன் 'சாங்டுஸ்' என்பதன் பழைய தேவாலயச் சுருக்கம் அது. தெரியாமல் யாராவது 'டி' சேர்த்து எழுதிவிட்டால், எழுதியவர் வெளியாள் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நம் ஆங்கிலிக்கன்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 'பரிசுத்த' என்பதைப் 'பரி.' என்று வெட்டி, அதையும் பெயரோடு ஒட்டிப் 'பரியோவான்' ஆக்கி ஒரு கல்லூரியையே நடத்தி வருகிறோம். புள்ளியைக்கூட விட்டுவிட்டோம்.

தோமா என்ற பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சாந்தோமும் புனித தோமையார் மலை என்ற பரங்கிமலையும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. இயேசுவின் சீடர்களில் கிழக்கே வந்தவர் என்று மரபு சொல்வது அவரைத்தான்.

தமிழ்நாட்டு வாசகர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு சொல் உண்டு. இலங்கையில் ஆறு வயசுப் பையன் 'கல்லூரிக்குப் போகிறேன்' என்பான். யாழ் இந்துக் கல்லூரி, பரியோவான் கல்லூரி, றோயல் கல்லூரி எல்லாமே பள்ளிக்கூடங்கள். ஈட்டன் காலேஜ், வின்செஸ்டர் காலேஜ் என்று இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகள் தங்களை அழைத்துக்கொண்டதை இங்கே வந்த பாதிரிமாரும் கல்வி அதிகாரிகளும் அப்படியே பலகையில் எழுதினார்கள். அதைத் தமிழாக்கியதும் கல்லூரி ஆகிவிட்டது. பட்டம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெயர் தேவைப்பட்டபோது அந்தச் சொல் கையில் மிச்சம் இல்லை. பல்கலைக்கழகம் என்று நேரே தாவவேண்டி வந்தது.

அதிபரை அதிபர் என்று சொல்லக்கூடாது, 'வார்டன்'. தமிழ்நாட்டு விடுதியில் வார்டன் என்றால் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்து இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கச் சொல்பவர். இங்கே அவர்தான் பள்ளியின் தலை. அவருக்கு அடுத்தவர் சப்-வார்டன். இவர்கள் எல்லோருக்கும் மேலே பேராயர், 'விசிட்டர்' என்ற பட்டத்தோடு. பெயரைக் கேட்டால் விருந்தாளி போலத் தோன்றும். உள்ளதோ எஜமானின் அதிகாரம்.

கல்லூரியின் குறிக்கோள் வாசகம் 'எஸ்டோ பெர்பெத்துவா'. என்றென்றும் நிலைத்திரு என்று பொருள். சாகும் தறுவாயில் தன் வெனிஸ் குடியரசை நினைத்துப் பாவ்லோ சார்பி என்ற துறவி 1623இல் சொன்ன வார்த்தை என்பார்கள். போப்பாண்டவர் திருச்சபையிலிருந்து தள்ளிவைத்த ஒரு கத்தோலிக்கத் துறவியின் கடைசி ஆசை, ஆங்கிலிக்கன் பள்ளியின் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெனிஸ் குடியரசு 1797இல் நெப்போலியன் கையில் முடிந்தது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துக்கும் இதே வாசகம்தான். அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது.

இவையெல்லாம் கப்பலில் வந்த வழக்கங்கள். உள்ளூரிலேயே முளைத்த வழக்கம் ஒன்று உண்டு, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கனமாக வேர் விட்டது.

கொழும்பில் அப்போது அரசாங்கத்துக்கு ஒரு பள்ளி இருந்தது, கொழும்பு அகாடமி. 1835இல் தொடங்கியது, 1881இல் றோயல் கல்லூரி என்று பெயர் மாறியது. அரசாங்கப் பள்ளி ஒரு பக்கம், பேராயர் பள்ளி ஒரு பக்கம். 1879இல் இரண்டும் கிரிக்கெட் ஆடின. அகாடமியில் ஆஷ்லி வாக்கர் என்ற கேம்பிரிட்ஜ் ஆட்டக்காரர் ஆசிரியராக இருந்தார், எல்லாம் அவர் கிளப்பிவிட்டது. அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மட்டை பிடித்தார்கள். அதனால் அது கணக்கில் இல்லை. பையன்கள் மட்டும் ஆடிய 1880தான் முதலாவது. பேரை வாவியைப் படகில் துடுப்புப் போட்டுக் கடந்து, காலி முகத்திடல் மைதானத்துக்கு அணிகள் போய்ச் சேர்ந்தன என்று கதை. அந்த இடத்தில் இப்போது ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது.

பிறகு வந்தது 1885. முதல் நாள் றோயல் அணி மொத்தமாக எடுத்தது 9 ஓட்டம். பதினொரு பேரும் சேர்ந்து ஒன்பது. இரண்டாம் நாள் றோயல் ஆடவில்லை. நடந்தது இவ்வளவுதான், ஆனால் இன்றைக்கு வரை வழக்கு ஓயவில்லை. தோமியன்கள் 'நாங்கள் வென்றோம்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். றோயல்காரர்கள் 'ஆட்டம் முடியவில்லை, ஆகவே வெற்றிதோல்வி இல்லை' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே தொடருக்கு இரண்டு பக்கத்திலும் வெற்றிக் கணக்கு ஒன்று வித்தியாசப்படும். ஊரில் பங்காளிகளுக்குள் வேலி வழக்கு நடப்பது போல, தாத்தா காலத்துத் தகராறைப் பேரன்கள் வாதாடுகிறார்கள். சட்டப்படி றோயல் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒன்பது ஓட்டம் எடுத்த பையன்களுக்கு மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனசு வந்திராது. என் தீர்ப்பு தோமியன் பக்கம்.

இந்தத் தொடர் இரண்டு உலகப் போரிலும் நிற்கவில்லை. 100ஆவது ஆட்டம் 1979இல் நடந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் 1878இலிருந்து ஆடிவரும் இரண்டு பள்ளிகள் உண்டு, அவற்றில் ஒன்றும் ஆங்கிலிக்கன் பள்ளிதான். அந்த ஒரு தொடரைத் தவிர உலகத்தில் எங்களுக்கு மூப்பு யாரும் இல்லை என்பார்கள் இரண்டு பக்கத்தாரும். இதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு 'நீலங்களின் சமர்' என்று பெயர். இரண்டு கொடியிலும் நீலம். ஒன்றில் நீலத்தோடு பொன் நிறம், இன்னொன்றில் நீலத்தோடு கறுப்பு.

மார்ச் மாதம் வந்தால் கொழும்பில் கொடி கட்டிய லொறிகள் ஓடும், பப்பரே வாத்தியம் முழங்கும். மைதானத்தைச் சுற்றி மஸ்டாங்ஸ், ஸ்டாலியன்ஸ், கோல்ட்ஸ் என்று குதிரைப் பெயர் வைத்த கூடாரங்கள் முளைக்கும். வெள்ளைக்காரன் தேசத்தில் குடியேறிய கிழவர்களெல்லாம் விமானமேறி வந்து அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து, பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வழுக்கைத் தலையில் பள்ளித் தொப்பியோடு ஒருவர் இன்னொருவரைப் 'பொடியா' என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலும் மத்திய கல்லூரிக்கும் பரியோவானுக்கும் இதே மார்ச்சில் 'வடக்கின் மாபெரும் சமர்' நடக்கிறது. அந்தச் சமரைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சமரை நான் விவரிக்கத் தேவையில்லை.

பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பள்ளியின் விதியை வேறொரு கட்டுமானம் எழுதிக்கொண்டிருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கிழக்கே போகும் நீராவிக் கப்பலுக்கெல்லாம் நடுவழியில் கரி ஏற்ற ஒரு துறை வேண்டியிருந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போகும், கொழும்பில் அலை அதிகம். 1875 டிசம்பரில், இலங்கைக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசரை வைத்துக் கொழும்பு அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்து வருஷத்தில் சுவர் எழுந்தது, காலி படுத்தது, கொழும்பு ஆசியாவின் பெரிய கரித்துறைகளில் ஒன்றானது.

இனி வரைபடத்தைப் பாருங்கள். துறைமுகம் இருப்பது முகத்துவாரத்துக்குத் தென்மேற்கே. மே மாதத்தில் பிடிக்கும் காற்று தென்மேற்குக் காற்று. கப்பலுக்குக் கூடை கூடையாகக் கரி கொட்டும்போது எழும்பும் தூள் எங்கே போய் விழும்? சாப்மன் பேராயர் கடல்காற்று பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் என்று நினைத்துத்தான் அந்த இடத்தில் கட்டியிருப்பார். அவர் போய் ஒரு தலைமுறைக்குள் அதே காற்று கறுத்துவிட்டது. விடுதியில் வெள்ளைச் சட்டை காயப்போடுகிறவனுக்கு அது தெரியும், மேசையில் விரலால் கோடு இழுத்துப் பார்க்கிறவனுக்கும் தெரியும்.

அந்தக் கறுத்த காற்றுக்கு நடுவில்தான் கல்லூரியின் மிகப் பிரபலமான காலம் ஓடியது. 1901இலிருந்து 1924 வரை வார்டனாக இருந்தவர் வில்லியம் ஆர்தர் ஸ்டோன். கேம்பிரிட்ஜ் படிப்பு, கிரேக்கமும் லத்தீனும் கரை கண்டவர், கறாரான மனிதர். அவர் வந்த புதிதில் தோமா அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் டி.எஸ். சேனாநாயக்க. பௌத்தக் குடும்பம். புத்தகத்துக்கும் அவருக்கும் தூரம் அதிகம். பின்னாளில் 'காட்டு ஜோன்' என்று பட்டப்பெயர் வாங்கியவர், இலங்கையின் முதல் பிரதமரானார். நீலங்களின் சமரில் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் கேடயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1952 மார்ச்சில் அவர் குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்ததும் அதே காலி முகத்திடலில்தான், மறுநாள் உயிர் பிரிந்தது.

கொஞ்சம் பின்னால் வந்த இன்னும் இரண்டு பையன்கள். ஒருவன் 1899இல் பிறந்த பெரிய முதலியார் வீட்டுப் பிள்ளை. அப்போதைய கவர்னர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயரையே தன் பெயருக்குள் சுமந்தவன்: சொலமன் வெஸ்ட் ரிஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. விடுதியில் மற்றப் பையன்களோடு படுக்கவைக்காமல் வார்டன் வீட்டிலேயே தங்க ஏற்பாடு. மற்றவன் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, யாழ்ப்பாணம் பரியோவானில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவன்: சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். இரண்டு பேருமே கிறிஸ்தவர்களாக வளர்ந்தவர்கள். ஒருவர் பிற்பாடு பௌத்தரானார். மற்றவர் கடைசி வரைக்கும் கிறிஸ்தவராகவே இருந்து, இந்துக்கள் பெரும்பான்மையான சனத்துக்குத் தந்தை என்ற பட்டம் வாங்கினார்.

செல்வநாயகம் லண்டன் பி.எஸ்சி. பட்டத்தை வெளிவாரியாக எடுத்துவிட்டு, தோமாவிலேயே ஆசிரியரானார். சகோதரருக்குக் கடும் சுகவீனம் என்று செய்தி வந்தது. ஊருக்குப் போக லீவு கேட்டார். லீவு கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனார். பிற்காலத்தில் மெதுவாகப் பேசி, குரலை உயர்த்தாமல், எடுத்த முடிவை மாற்றாமல் அரசியல் செய்த மனிதர் அந்த இளம் வயசிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறார்.

இதற்கிடையில் 1918இல் ஸ்டோன் பள்ளியைக் கல்கிசைக்குக் கொண்டுபோனார். கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோர ரயிலில் தெகிவளை தாண்டியதும் இடது பக்கம் பார்த்தால் போதும். ரயில் பாதைக்கு ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கல்லூரி வளவு. சாப்மன் தேடிய கடல்காற்று இங்கே உண்மையாகவே கிடைத்தது, உப்போடு. இப்போது தோமியன்கள் 'கடலோரப் பள்ளி' என்று உருகிப் பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான். கரித்தூள் இல்லாவிட்டால் கல்கிசையும் இல்லை என்பது உருகும்போது ஞாபகம் வருவதில்லை.

1932இல்தான் முதல் தடவையாக ஓர் இலங்கையர் வார்டனானார், ஆர்.எஸ். டி சேரம். பள்ளி தொடங்கி 81 வருஷம் கழித்து. ஒக்ஸ்போர்டில் குத்துச்சண்டை போட்ட பாதிரியார். அவர் காலத்தில் பள்ளியைக் கல்கிசையிலும் நிம்மதியாக விடவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் கொழும்பு நடுங்கிக்கொண்டிருந்தபோது, கல்கிசைக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. விடுதிப் பிள்ளைகளை எங்கே வைப்பது? லெஸ்லி டி சேரம் என்பவருக்கு ஊவா மலையில், வெலிமடைக்குப் பக்கத்தில் குருத்தலாவ என்ற ஊரில் ஒரு பண்ணை இருந்தது. அதைக் கொடுத்தார். கடலோரப் பையன்கள் கம்பளி தேடிக்கொண்டு மலை ஏறினார்கள். போர் முடிந்து கல்கிசை திரும்பக் கிடைத்த பிறகும் மலைப்பள்ளியை மூட மனம் வரவில்லை. அது தனிப் பள்ளியாகவே நிலைத்துவிட்டது. அதற்கும் இன்று எண்பது வயசு தாண்டிவிட்டது, அதற்கும் பாரம்பரியம் இருக்கிறது.

சேனாநாயக்க, பண்டாரநாயக்க, செல்வநாயகம் மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதை நாட்டு வரலாற்றில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். 1948இல் டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது, மலையகத் தமிழர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அதை எதிர்த்துத்தான் செல்வநாயகம் தன் பழைய கட்சியை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இருவரும் தோமியன்கள். 1956இல் பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றினார். 1957 ஜூலை 26ஆம் தேதி அதே பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். பண்டா–செல்வா ஒப்பந்தம் என்று நம் பள்ளிப் புத்தகத்தில் படித்தது அதுதான். ஸ்டோன் வார்டனின் வகுப்பறைகளிலிருந்து வந்த இரண்டு பேர், நாற்பது வருஷம் கழித்து.

1958 ஏப்ரல் 9ஆம் தேதி பிக்குமார் பண்டாரநாயக்கவின் றொஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுதிக் கொடுத்தால்தான் எழும்புவோம் என்றார்கள், பண்டாரநாயக்க எழுதியும் கொடுத்தார். ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்தது. ஒரே பள்ளியில் படித்த பழக்கம் இருவரையும் ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்கார வைக்கப் போதுமாக இருந்திருக்கும். வாசலில் உட்கார்ந்தவர்களை எழுப்ப அது போதவில்லை.

1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்ததும் பிரதமரானவர் விஜயானந்த தகநாயக்க. அவரும் கொஞ்ச காலம் தோமாவில் படித்தவர். 1965 மார்ச் 24ஆம் தேதி இரண்டாவது ஒப்பந்தம். இந்தத் தடவை டி.எஸ்.ஸின் மகன் டட்லி சேனாநாயக்கவும் செல்வநாயகமும். டட்லி கல்கிசையில் கிரிக்கெட் ஆடிய தோமியன். மாவட்ட சபை தருகிறோம் என்ற அந்த வாக்கும் 1968இல் காற்றில் போனது. தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியே வந்தது.

இதற்குள் பள்ளியே ஒரு கண்டத்திலிருந்து தப்பியிருந்தது. 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், உதவி நன்கொடை பெற்ற சமயப் பள்ளிகளைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. மிஷன் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் அரசாங்கப் பள்ளிகளாயின. தோமா தனியார் பள்ளியாகவே நின்றது. ஒரு தோமியனின் விதவை போட்ட சட்டத்துக்கு ஒரு தோமியன் பள்ளி தப்பித்தது என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது கட்டணத்தாலும் பழைய மாணவர்களின் பணத்தாலும் சமாளித்த கதை. ஏழைகளுக்கு இலவசமாக என்று தொடங்கிய ஈட்டனின் வழியேதான் இதுவும் போயிற்று. இன்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அங்கே வகுப்பு நடக்கிறது. மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் என்ற சாப்மனின் திட்டத்தில் அந்த அளவுக்காவது மிச்சம் இருக்கிறது.

முகத்துவாரத்தில் விட்டுவந்த பேராலயத்துக்குப் பதிலாகக் கல்கிசையில் சிற்றாலயம் ஒன்று கட்டினார்கள். மறுரூப சிற்றாலயம் என்று பெயர். பலிபீடத்துக்கு மேலே சுவரோவியம். வேதத்தில் அந்தக் கதை இப்படி வரும்: இயேசு மூன்று சீடர்களை ஒரு மலைக்குக் கூட்டிப் போகிறார், அங்கே அவர் முகம் சூரியனைப் போலப் பிரகாசிக்கிறது. பேதுரு தடுமாறிப்போய், இங்கேயே மூன்று கூடாரம் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறார். அதற்குப் பதில் வரவில்லை. எல்லோரும் மலையை விட்டு இறங்குகிறார்கள்.

டட்லியின் வாக்குக் கைவிடப்பட்ட அதே 1968இல்தான் டேவிட் பெயின்டர் அந்த ஓவியத்தை வரைந்தார். தகப்பன் ஆங்கிலேயர், தாய் சிங்களப் பெண். அவர் வரைந்த இயேசுவுக்குத் தாடி இல்லை. மழித்த முகத்தோடு இளைஞராக நிற்கிறார். கல்கிசைக்குப் போகிறவர்களுக்குத் தோமியன்கள் மறக்காமல் காட்டுகிற ஓவியம் அது. ஓவியர் படித்தது கண்டி திரினித்திக் கல்லூரியில் என்பதை மட்டும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.